தபசு மரத்தின் பாதியில்

பெரியப்பா ஏழாவது கட்டையில் கால் வைத்துவிட்டார். ஒரு கை அடுத்த கட்டையைப் பிடிக்க மேலே போகிறது. பாட்டெடுக்க வாய் திறந்திருக்கிறது. அப்படியே நின்றுபோகிறார். சடாமுடியில் பாதி சின்னச் சின்னச் சதுரங்களாக உடைந்து பச்சையும் ரோஸுமாகச் சிதறுகிறது. கணினிப் பெட்டிக்குள் டக், டக் என்று யாரோ விரலால் தட்டுவது மாதிரி சத்தம். பிறகு விர்ரென்று ஒரு சுற்று. மறுபடி டக், டக். கடைசியில் எல்லாம் அடங்கி, டிரைவில் டிஸ்க்கைப் போடுமாறு திரையில் ஒரு பெட்டி வருகிறது. போட்டுத்தானே இருக்கிறது, அதைப் படிக்கத்தானே இவ்வளவு பாடு!

இந்த ஏழாவது கட்டை வரை வருவதற்கே எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

பெங்களூரிலிருந்து அண்ணன் மகன் பேசியதில் ஆரம்பித்தது. "சித்தப்பா, தாத்தா தபசு ஏறின டிஸ்க் உங்ககிட்டதானே இருக்கு? அத போன்ல அனுப்பி விடுங்க. இங்க எந்த லேப்டாப்லயும் அந்த ஓட்டையே கிடையாது." ஓட்டை என்று அவன் சொன்னது டிவிடி டிரைவை. எங்கள் வீட்டு மேசைக் கணினியில் அது உண்டு. மகள் பிறந்த வருஷம் வாங்கிய கணினி. மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், கணினி கிழடு தட்டிவிட்டது.

டிஸ்க் 2009 சித்திரையில் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் எடுத்தது. உறை மேல் 'சங்கராபுரம் வட்டம், விழுப்புரம் மாவட்டம்' என்று அச்சடித்திருக்கிறது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பரில்தானே. பெரியப்பாவோ சாகும்வரை தென்னாற்காடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். முழுநேரக் கூத்துக்காரர் இல்லை. கரும்பும் மரவள்ளியும் பயிரிட்டவர். ஆனால் பாரதம் நடக்கிற வருஷங்களில் அர்ச்சுனன் தபசு வேஷம் அவருடையது. விரதம் இருந்து, விடிந்தும் விடியாமலும் இருக்கிற நேரத்தில் பனைமரத்தில் அடித்த கட்டைகளில் ஒவ்வொன்றாக ஏறி, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பாட்டுப் பாடி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். கீழே பெண்கள் முந்தானையை ஏந்திக்கொண்டு நிற்பார்கள். அந்தப் பழம் விழுந்தால் வயிற்றில் பிள்ளை தங்கும் என்பது நம்பிக்கை.

முதல் நாள் டிரே வெளியே வரவில்லை. பொத்தானை அமுக்கினால் உள்ளே மோட்டார் முனகும், அவ்வளவுதான். முகப்பில் ஊசித் துளை ஒன்று இருக்கும். குண்டூசி எட்டாது. ஊக்கை நிமிர்த்தி உள்ளே விட்டு அழுத்தினேன், டிரே ஒரு விரல் அளவுக்கு நாக்கை நீட்டியது. அதை இழுக்கிற ரப்பர் பெல்ட் வருஷக்கணக்கில் சும்மா கிடந்து கெட்டித்துப் போயிருந்தது. இது சின்ன நோய். பெரிய நோய், போட்ட டிஸ்க்கைப் படிக்காதது.

நான் உடனே டிஸ்க் மேல் பழி போட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வோம். 'டிஸ்க் போயிடுச்சு' என்று சொல்வது சுலபம், டிரைவைத் திறக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பையனுக்குப் பாடம் புரியவில்லை என்றால் பாடம் கோளாறா பையன் கோளாறா என்று பார்க்க, அதே பையனிடம் வேறு பாடத்தையும், அதே பாடத்தை வேறு பையனிடமும் கொடுத்துப் பார்ப்போம். பரணிலிருந்து பழைய டிஸ்க்குகளை இறக்கினேன். இளையராஜா எம்பி3 சிடி பாடியது. சினிமா டிவிடி மூன்றைப் போட்டேன், மூன்றும் படிக்கவில்லை. மகளின் எல்கேஜி ஆண்டுவிழா சிடி ஓடியது. அவள் வந்து, தான் முயல் வேஷத்தில் அழுவதைப் பார்த்துவிட்டு, "இத மட்டும் நல்லா படிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சிடி படிக்கிறது, டிவிடி படிக்கவில்லை. இது நல்ல தடயம். டிவிடி டிரைவுக்குள் ஒரே லென்ஸ் வழியாக இரண்டு ஒளி வரும். சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீளம், அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. டிவிடிக்கு 650, சிவப்பு. சிடியில் ஒரு சுற்றுத் தடத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 1.6 மைக்ரான். டிவிடியில் 0.74 மட்டுமே. ஒரு தலைமுடி அகலத்துக்குள் நூறு சுற்று அடங்கிவிடும். பெரிய எழுத்துக் கதைப்புத்தகத்தை மங்கின கண்ணும் படிக்கும், பஞ்சாங்கத்தின் பொடி எழுத்தைப் படிக்காது. அப்படியானால் முதல் குற்றவாளி டிஸ்க் இல்லை, கண். (டிரைவே கணினியில் காணாமல் போகிற இன்னொரு வியாதி உண்டு. பர்ன் பண்ணுகிற மென்பொருளை நீக்கும்போது அது விண்டோஸின் பதிவேட்டில் விட்டுப்போன வரி ஒன்று டிரைவை மறைத்துக்கொண்டு நிற்கும். அதற்குத் திருப்புளி எடுப்பது வீண். எனக்கு வந்தது அது இல்லை.)

கேபினட்டைத் திறந்து, டிரைவைக் கழற்றி, மூடியை எடுத்தேன். லென்ஸ் துவரம்பருப்பு அளவுதான். நான்கு மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, மேசையைத் தொட்டாலே வாழையிலைத் தண்ணீர் மாதிரி ஆடுகிறது. டிஸ்க்கைப் போட்டதும் இந்தப் பருப்புதான் மேலும் கீழும் அசைந்து தூரத்தைத் தேடும். சுற்றுகிற டிஸ்க் துளி ஏறி இறங்கினாலும் கூடவே ஏறி இறங்கும். அதன் மேல் மஞ்சள் பூத்திருந்தது. எங்கள் தெருமுனையில் அரிசி ஆலை. புழுங்கல் வாடையோடு உமித்தூசி வீட்டுக்குள் வருவது இங்கே யாருக்கும் புதிதல்ல. ஜன்னல் கம்பியில், டிவி மேல், பாத்திரத்துக்குள் எல்லாம் ஒரு படலம் இருக்கும். அதைத்தான் மனைவியிடம் சொன்னேன்.

"மில்லு மேல பழி போடாதீங்க. கம்ப்யூட்டர எங்க வெச்சிருக்கீங்க? சாமி மாடத்துக்குக் கீழ. வெள்ளிக்கெழம தவறாம சாம்பிராணி போடறன். அதுவும் சாமி கும்பிடுதுன்னு நெனச்சிக்கிட்டிருந்தன்" என்றாள். பிறகு என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள். "மொதல்ல இத தொடைங்க."

நாங்கள் இருவரும் சொன்னது சரியாக இருக்கலாம். உமித்தூசி வெறும் தூசி, ஊதினால் போய்விடும். சாம்பிராணியும் கற்பூரமும் எண்ணெய்ப் பிசுக்காகப் படியும், தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, பிழிந்து, குழந்தைக்கு மை இடுகிற அழுத்தத்தில் ஒரு தடவை துடைத்தேன். பஞ்சு டீ நிறமாக வந்தது. இரண்டாவது குச்சி வெள்ளையாகவே வந்தது, நிறுத்திக்கொண்டேன். இதில் பேராசைப்பட்டு மூன்றாவது தடவை அழுத்தினால் கம்பி வளைந்துவிடும். அதோடு டிரைவைக் குப்பையில் போடலாம்.

சினிமா டிவிடி மூன்றும் ஓடின. கூத்து டிஸ்க்கும் ஓடியது, ஏழாவது கட்டை வரைக்கும்.

ஏன் அங்கே என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். கிராமபோன் தட்டு விளிம்பில் தொடங்கி உள்ளே போகும். டிவிடி நடுவிலிருந்து கிளம்பி வெளியே வரும். அதன் ஒற்றைத் தடத்தைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர், சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சிப் பாதையில் பாதிக்கு மேல் போய்விடலாம். அப்படியானால் கதையின் ஆரம்பம் நடுவில், பத்திரமான இடத்தில் இருக்கிறது. முடிவு விளிம்பில் இருக்கிறது. நாம் டிஸ்க்கைப் பிடிப்பது எங்கே? விளிம்பில். உறையில் உரசுவது விளிம்பு. பர்ன் பண்ணும்போது சுழற்சியில் அதிகம் ஆடுவதும் விளிம்பு. திரைப்படம் எதுவானாலும் கிளைமாக்ஸ் வரும்போதுதான் டிஸ்க் மக்கர் பண்ணுகிறது என்று அந்தக் காலத்தில் நாம் தலைவிதியை நொந்துகொண்டதற்கு இதுதான் காரணம்.

குழல்விளக்குக்கு நேரே டிஸ்க்கைச் சாய்த்துப் பார்த்தேன். ஊதா நிறம் விளிம்பு நெருங்க நெருங்க வெளிறி, பழுப்பு வளையமாகியிருந்தது. யாரோ எண்ணெய்க் கையோடு பிடித்த கட்டைவிரல் ரேகை ஒன்று, ஒவ்வொரு கோடும் தெரிந்தது. நானாகத்தான் இருக்கும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு, விசிறி மடிப்பு போகிற திசையில் துடைத்தேன். வட்டமாகத் துடைப்பது தவறு. குறுக்கே விழுகிற கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளி இடத்தைத்தான் மறைக்கும். தடத்தோடு போகிற கீறல் தொடர்ந்து பல வரிகளை விழுங்கிவிடும்.

அந்தத் துளி இழப்பைச் சமாளிக்க டிஸ்க்கிலேயே ஏற்பாடு உண்டு. 1960இல் இர்விங் ரீட், கஸ்டாவ் சாலமன் என்ற இரண்டு அமெரிக்கக் கணிதர்கள் எழுதிய ஒரு சிறு கட்டுரைதான் அதற்கு மூலம். தகவலோடு கூடவே அதைச் சரிபார்க்கிற எண்களையும் சேர்த்து எழுதிவிட்டால், சில எழுத்துகள் அழிந்தாலும் மிச்சத்தை வைத்து அவற்றைத் திரும்பக் கணக்குப் போட்டுவிடலாம். கூத்தில் பின்பாட்டுக்காரர் செய்வது இதைத்தானே? வேஷக்காரர் தொண்டை கட்டி ஒரு சீரை விட்டால் பின்னால் இருப்பவர் எடுத்துப் பாடிவிடுவார், பார்ப்பவனுக்குத் தெரியாது. ஆனால் பின்பாட்டுக்காரரும் தூங்கிவிட்டால்? டிவிடி 32 கிலோபைட் கொண்ட கட்டுகளாகத் திருத்திக்கொள்கிறது. ஒரு கட்டில் பிழை எல்லை மீறினால் கட்டு முழுவதும் போச்சு. அதனால்தான் படம் மெல்ல மெல்ல மங்காமல், நன்றாக ஓடிக்கொண்டே வந்து திடீரென்று உடைகிறது.

பற்பசை தேய்க்கச் சொன்னார்கள் இரண்டு நண்பர்கள். 2007 வாக்கில் மோசர் பேயர் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று தமிழ்ப் படங்களை இறக்கியபோது, சங்கராபுரம் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைகளில் பாக்கு, ஷாம்பு பொட்டலங்களோடு டிஸ்க்குகளும் சரமாகத் தொங்கின. அந்த டிஸ்க்குகளுக்கு நான் பற்பசை தேய்த்திருக்கிறேன், சிலது பிழைத்தும் இருக்கிறது. அந்தக் கம்பெனியே 2018இல் கலைப்புக்குப் போய்விட்டது. ஆனால் 34 ரூபாய்ப் படத்துக்கு இன்னொரு பிரதி கிடைக்கும். பெரியப்பாவுக்குக் கிடையாது. பற்பசை யோசனையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்து, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, டிடி ரெஸ்க்யூ என்கிற இலவச மென்பொருளைப் போட்டேன். அதன் புத்தி எனக்குப் பிடிக்கும். முரண்டு பிடிக்கிற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்காது. முதலில் சுலபமாக வருவதையெல்லாம் எடுத்துக்கொண்டு, வராத இடங்களை ஒரு கணக்கேட்டில் குறித்து வைத்து, பிறகு பொறுமையாகத் திரும்பி வரும். ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் 41 மெகாபைட் பாக்கி. எல்லாம் விளிம்பில், எல்லாம் ஏழாவது கட்டைக்கு மேல்.

அந்தக் கணக்கேட்டுக்கு இன்னொரு குணம் உண்டு. அதே டிஸ்க்கை வேறு டிரைவில் போட்டு, அதே கணக்கேட்டைக் கொடுத்தால், முதல் டிரைவ் விட்ட இடங்களை மட்டும் இரண்டாவதில் தேடி நிரப்பும். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது இந்த முறையில்தான் என்று சொன்னால் தமிழாசிரியர்கள் அடிக்க வர மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஓர் ஏட்டில் செல்லரித்த இடத்தை இன்னோர் ஊர் ஏடு சொல்லும். வித்தியாசம், அவரிடம் ஏடுகள் பல. என்னிடம் ஏடு ஒன்று, அதைப் படிக்கிற கண்களைத்தான் ஊர் ஊராகத் தேட வேண்டியிருந்தது. கள்ளக்குறிச்சி கச்சிராயபாளையம் சாலையில் ஒரு ரிப்பேர் கடையில் இரண்டு பழைய டிரைவ் கிடைத்தன. ஒன்று 6 மெகாபைட் மீட்டது. மற்றது டிஸ்க்கையே மதிக்கவில்லை.

வீடியோ எடுத்த தம்பியின் எண் அப்போதுதான் கிடைத்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த சிஸ்டத்துல எழுதினேன்னு ஞாபகம் இருக்கு சார். அந்த டிரைவ் கொஞ்சம் கோணல். அதுல எழுதினது கஸ்டமர் வீட்ல ஓடலன்னு எத்தன சண்டை! ஆனா அதுலயே போட்டா கடகடன்னு ஓடும். எழுதினவனுக்குத் தன் கையெழுத்து புரியாதா?"

"அந்த டிரைவ் இப்ப எங்க தம்பி?"

"மலை மேல இருக்கு சார். வெள்ளிமலையில."

கல்வராயன் மலைக்குத் தனி வட்டம் வந்த பிறகு, தாலுகா ஆபீஸுக்கு வருகிற கூட்டத்தை நம்பி அங்கே ஜெராக்ஸ் கடை போட்டுவிட்டாராம். கல்யாண வீடியோ இப்போது செல்போன்காரர்கள் பாடு. பழைய சிஸ்டத்தில் சாதிச் சான்று, வருமானச் சான்று விண்ணப்பம் அடித்துக்கொண்டிருக்கிறார்.

கையெழுத்து என்றதும் பெரியப்பா சொன்ன ஒரு கதை ஞாபகம் வந்தது. 1980இல் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியக்காரர் பதவிகளை எடுத்துவிட்டு, பிறகு கிராம நிர்வாக அலுவலர்களைப் போட்டது. எங்கள் ஊருக்கு வந்த புது அலுவலருக்குப் பழைய அடங்கலில் ஒரு வரி புரியவில்லையாம். கூட்டெழுத்து, சுழி, பாதி மோடி மாதிரி. வேலை போன கர்ணம் வீட்டுத் திண்ணைக்கே கட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பாராம். கர்ணம் முதலில் தண்ணீர்கூடக் கொடுக்க மாட்டாராம். அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடகடவென்று படிப்பாராம்.

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் கிளம்பினேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து மலை ஏறினால் காற்று மாறிவிடும். பெரியார் அருவியில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் குளிக்கிறவர்கள் இருந்தார்கள். வெள்ளிமலைக் கடையில் அந்த டிரைவ் கறுப்புக் கேபினட்டின் வயிற்றில், முகப்பு மூடி உடைந்து, பல் போன கிழவராக இருந்தது. டிரே வெளியே வருவதற்குத் தம்பி கேபினட்டின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். அடிக்கு மரியாதை கொடுத்து வந்தது.

டிஸ்க்கைப் போட்டோம். கணக்கேட்டைக் கொடுத்தேன். டக், டக் சத்தம் வரவே இல்லை. 35 மெகாபைட் பாக்கி மளமளவென்று இறங்கியது. அந்த டிரைவின் ஒளி எந்தச் சாய்வில் நின்று இந்தத் தடத்தை எழுதியதோ, அதே சாய்வில் நின்று இப்போது படிக்கிறது. மற்ற டிரைவுகளுக்கு இது கோணலான எழுத்து. இதற்கு நேரான எழுத்து. மரவள்ளி மூட்டையோடு பட்டா நகல் கேட்டு வந்த மலைக்காரர் ஒருவர், மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எங்களோடு சேர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு கிலோபைட்டும் பாக்கியில்லை.

"இந்த டிரைவ எடுத்துக்கிட்டுப் போங்க சார்" என்றார் தம்பி. "இதுல எழுதின வேற எத்தன வீட்டு டிஸ்க் கீழ இருக்கோ, தெரியல." பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஓட்டினேன். பெரியப்பா ஏழாவது கட்டையைத் தாண்டினார். எட்டு, ஒன்பது. குரல் கம்மியிருந்தது, பின்பாட்டு தூக்கிப் பிடித்தது. உச்சிக்குப் போனார். மடியை அவிழ்த்தார். கை மேலே போன அந்தக் கணத்தில் கேமரா சட்டென்று கீழே கூட்டத்துக்குத் திரும்பிவிட்டது. வீசியதைக் காணோம். நூறு பெண்கள், ஏந்திய முந்தானைகள், முன் வரிசையில் அரக்குப் புடவையில் என் அம்மா. அவர் முந்தானையை ஏந்தி நான் பார்த்ததே இல்லை. கழுத்தை அண்ணாந்து, வாயைத் திறந்து, எதையோ குறிவைத்து இரண்டடி பின்னால் போகிறார். அத்தோடு திரை கறுத்தது. கேமராவில் டேப் முடிந்திருக்கிறது.

அண்ணன் மகனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் பேசினான். "சூப்பர் சித்தப்பா. கடைசியில அந்த அரக்குப் புடவை யாரு, சின்ன ஆயாவா? பழத்த பிடிச்சாங்களா?"

"தெரியலடா. அதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றேன்.

சாமி மாடத்தில் திரி போட்டுக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள்: "பிடிச்சாங்க. அன்னைக்கே புழிஞ்சி, உப்புகூட போடாம என்ன குடிக்க வெச்சாங்க. என்னா புளிப்பு."

உள்ளே மகள் சத்தமாக வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள்.